கூரை தாழ்ந்த கராஜும் அப்பாவின் முழங்காலும்

திருகோணமலைக் கடற்கரையோரத்து உப்புவெளியிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. கேள்விக்கு வேண்டியதை மட்டும் இங்கே தருகிறேன்.

“ஐயா, அப்பாவுக்கு 68 வயது. பஸ் டிப்போவில் 31 வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பப்பா 1957இல் வாங்கிய மொறிஸ் மைனரும் என்னுடைய சுசுகி வாகன் ஆர் காரும் அவர் கையால்தான் ஓடுகின்றன. ட்ரொலி ஜக்கால் தூக்கி, கல் வைத்து, சாக்கு விரித்துக் கீழே படுத்து வேலை செய்வார். போன மாதம் படுத்தவரால் எழும்ப முடியவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் இழுத்து எடுத்தேன். அதனால் காரைத் தூக்கி நிறுத்துகிற ஹொயிஸ்ட் ஒன்று போட யோசிக்கிறேன். கொழும்பில் பழைய இரண்டு தூண் ஹொயிஸ்ட் ஒன்று விலைக்கு இருக்கிறது. தூண் 9 அடி 4 அங்குலம். எங்கள் கராஜிலோ நிலத்திலிருந்து சிலாப் வரை 8 அடி 6 அங்குலம்தான். குறுக்கே இரண்டு பீம் 9 அங்குலம் கீழே இறங்கி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே 10 அடி. மேலே தம்பியின் அறை. மேசன் பீமின் அடியைக் கொத்திக் குறைக்கலாம் என்கிறார். வெல்டிங் கடைக்காரர் தூணை வெட்டித் தரலாம் என்கிறார். அப்பாவோ, ‘ஹொயிஸ்ட் ஏன், குழி வெட்டு’ என்கிறார். யார் சொல்வது சரி?”

அன்புள்ள தங்கச்சிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. “கல் வைத்து” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சீமெந்துக் கல்லோ செங்கல்லோ, காரின் பாரத்தை ஒரு மூலையில் வாங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரக்குற்றி என்றால் முதலில் நசியும், முனகும், ஆள் வெளியே வர ஒரு கணமாவது கிடைக்கும். கல்லில் அந்தக் கணம் இல்லை. ஹொயிஸ்ட் வர எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். நாளைக்கே கடைக்குப் போய் இரும்பு ஸ்டாண்ட் நான்கு வாங்கி அப்பாவிடம் கொடுங்கள். கல்லை முற்றத்துக்கு எடுத்துப் போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். நான் 29 வருடமாக கராஜ்களுக்கு ஹொயிஸ்ட் பூட்டிக் கொடுக்கிறவன். மூன்று பேர் சொன்ன மூன்று வழியும் உங்கள் வீட்டுக்குச் சரிவராது. ஆனால் மூன்றும் ஒரே அளவு பிழையானவை என்று சொல்லமாட்டேன்.

மேசன் சொன்னதுதான் மிக மோசம். பீம் தன் பாரத்தில் கொஞ்சம் தொய்யும்போது மேல்பக்கம் நசிபடும், அடிப்பக்கம் இழுபடும். கொங்கிறீட் நசிவைத் தாங்கும், இழுவைக்கு வெடித்துவிடும். அந்த இழுவையை வாங்கத்தான் பீமின் அடியில் தடித்த கம்பிகளைப் போடுகிறோம். அவை அடியிலிருந்து ஒன்று, ஒன்றரை அங்குலத்தில் கிடக்கும். நான்கு அங்குலம் கொத்தினால் கம்பி வெளியே தொங்கும், பீம் வெறும் கல்லாக நிற்கும், அதன் மேலே உங்கள் தம்பி படுத்திருப்பார். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் ஒரு அங்குலம் உதிர்ந்தாலே உப்புக் காற்று கம்பியைப் பிடித்துவிடும். துரு ஊதும்போது மிச்சக் கொங்கிறீட்டையும் தள்ளிக்கொண்டு வரும். இதை எழுதுகிறபோதே கேட்கிறேன்: பீமின் அடியில் நீளவாக்கில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா, காவி நிறத்தில் கறை இருக்கிறதா? ரோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ஹொயிஸ்ட்டை மறந்துவிட்டு முதலில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது தூணை வெட்டுவது. அந்தத் தூணுக்குள் ஓடுகிற சிலிண்டர், சங்கிலி, கப்பி, பூட்டுப் பற்கள் எல்லாம் அந்த உயரத்துக்கு என்று அளந்து செய்தவை. மேலே வெட்டினால் கப்பியும் சிலிண்டரும் இருக்க இடமில்லை. கீழே வெட்டி அடித்தகட்டைத் திரும்ப ஒட்டினால், முழுப் பாரமும் திருகுகிற இடத்தில் ஒரு கடை வெல்டிங் நிற்கும். வெல்டிங்காரர் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். ஆனால் கேற் செய்கிற ஒட்டும் 800 கிலோவை மனிதன் தலைக்கு மேலே பிடிக்கிற ஒட்டும் வேறு வேறு.

தூணை வெட்டாமல், தொழிற்சாலையே குட்டையாகச் செய்த இரண்டு தூண் ஹொயிஸ்ட் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் கூரை இல்லை, நிலம். துலாக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கையின் நுனியில் காரின் பாரம் தொங்குகிறது. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். வாகன் ஆர் சுமார் 800 கிலோ. ஒரு தூணுக்கு 400. அடித்தகட்டின் முன்விளிம்பிலிருந்து பாரம் இரண்டரை அடி தள்ளி நிற்கிறது, பின்பக்க போல்ட் ஒரு அடி தள்ளி நிற்கிறது என்று வைத்தால், பின் போல்ட்களை மேலே பிடுங்குகிற விசை 1000 கிலோ அளவுக்கு வரும். அந்த போல்ட்களைப் பிடித்துவைத்திருக்க வேண்டியது உங்கள் கராஜ் தரை. இந்த வகை ஹொயிஸ்ட்களுக்குக் குறைந்தது 4 அங்குலத் தடிப்பில், வெடிப்பில்லாத, சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல் (3000 பி.எஸ்.ஐ.) தாங்குகிற கொங்கிறீட் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பார்கள். நம் ஊர் வீட்டுக் கராஜ்களில் நான் துளைத்துப் பார்த்தவை அனேகமாக மணலுக்கு மேலே இரண்டு, மூன்று அங்குலம், கம்பி இல்லை, மேலே அழகாகச் சீமெந்துப் பூச்சு. நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் எனக்கு முன்னால் யாரோ பூட்டிவிட்டுப் போன ஹொயிஸ்ட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். போல்ட் நான்கும் அப்படியே இறுகித்தான் இருந்தன. போல்ட்டோடு சேர்த்துத் தரை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மேலே கிளம்பியிருந்தது. நல்ல காலம், கார் ஏற்றாமல் ஹொயிஸ்ட்டின் கையை மட்டும் தூக்கிப் பார்க்கும்போதே நடந்தது.

குழி பற்றி உங்கள் அப்பா சொன்னதை இலேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. டிப்போவில் 31 வருடம் குழிக்குள் நின்று வேலை செய்தவருக்கு அது வீடு மாதிரி. நிமிர்ந்து நிற்கலாம், தலைக்கு மேலே எல்லாம் கைக்கெட்டும், கரண்டும் வேண்டாம். அவருக்கு இரண்டு விஷயங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது தண்ணீர். உப்புவெளி மணல் நிலம். வீட்டுக் கிணற்றில் மார்கழியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அவருக்கே தெரியும். குழிக்கு 5 அடி வேண்டும். மாரியில் கிணற்று மட்டம் அதற்கு மேலே வந்தால், குழியும் இன்னொரு கிணறுதான். பக்கத்தில் இருக்கிற தூண் அத்திவாரத்தின் கீழிருந்து மணல் குழிக்குள் நழுவத் தொடங்கினால் மேல்மாடிக்கும் ஆபத்து.

இரண்டாவதைத்தான் அவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். டிப்போவில் அவர் தலைக்கு மேலே நின்றவை டீசல் பஸ்கள். மொறிஸ் மைனர் பெற்றோல் கார். டீசல் ஒழுகினால் வழுக்கும், மணக்கும், அவ்வளவுதான். நம் ஊர் வெயிலிலும் அது இலேசில் ஆவியாகிப் பற்றாது. பெற்றோல் அப்படியில்லை. அதன் ஆவி காற்றை விடக் கனம். தரையில் தவழ்ந்து போய், இருக்கிற பள்ளத்தில் இறங்கி அங்கேயே கிடக்கும். பழைய மொறிஸின் பெற்றோல் குழாயில் ஒரு சொட்டு ஒழுக்கு, குழிக்குள் ஒரு மின்குமிழ் உடைவது, இரண்டும் ஒரே நாளில் நடந்தால் போதும். டிப்போக் குழிகள் நீளமானவை, இரண்டு பக்கமும் படி இருக்கும், கூரை உயரம், காற்று ஓடும். மூன்று பக்கம் சுவர் வைத்த வீட்டுக் கராஜில் அது கிடையாது.

அப்போ என்னதான் செய்வது? அளவுநாடாவை எடுங்கள். கூரையை அளந்துவிட்டீர்கள், அப்பாவை அளக்கவில்லை. 12 அங்குல உயர முக்காலியில் அவரை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, நிலத்திலிருந்து உச்சந்தலை வரை அளவெடுங்கள். 5 அடி 4 அங்குல ஆள் என்றால் 44, 45 அங்குலம் வரும். வேண்டிய உயரம் அதுதான். கராஜ்காரர்கள் 6 அடி தூக்குவது ஒரு நாளில் பத்து வண்டிக்குக் கீழே நடந்து திரிய வேண்டியிருப்பதால். உங்கள் அப்பா நடக்க வேண்டியதில்லை, படுக்காமல் இருந்தால் போதும்.

சிலாப் வரை 102 அங்குலம். மொறிஸ் மைனர் 60 அங்குல உயரம். மேலே 3 அங்குலம் இடைவெளி விட்டால் 39 அங்குலம் தூக்கலாம். அதன் அடிவயிறு நிலத்திலிருந்து ஏற்கெனவே ஆறேமுக்கால் அங்குலம் உயரத்தில் நிற்கிறது. கூட்டினால் 46க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது அப்பா மொறிஸின் கீழே முக்காலியில் நிமிர்ந்து இருக்கலாம். பீம் இடிக்காதா என்றால், காரின் மிக உயர்ந்த பகுதி அதன் கூரை மட்டும்தான். அது இரண்டு பீமுக்கும் நடுவே இருக்கிற 10 அடிக்குள் வந்தால் போதும். பொனற் பதிவாக இருப்பதால் பீமின் கீழே தாராளமாக நிற்கும். ஆனால் கார் மேலே நிற்கும்போது பொனற்றையோ பின்கதவையோ திறக்கக் கூடாது. அந்தச் சிலாப்பில் காற்றாடி தொங்கினால் அதையும் கழற்றிச் சுவருக்கு மாற்றுங்கள்.

வாகன் ஆர் 65 அங்குலம், பெட்டி மாதிரி. அதை 34 அங்குலம்தான் தூக்கலாம். அடிவயிறு 40 அங்குலத்தில் வரும். கீழே நிமிர்ந்து இருக்க முடியாது. பரவாயில்லை. பிரேக், சில்லு, ஷொக் அப்ஸோர்பர் எல்லாம் பக்கத்திலிருந்து செய்கிற வேலைதானே? 20 அங்குலம் தூக்கினால், சில்லு கொஞ்சம் கீழே தொங்குவதால், அதன் நடு 31 அங்குலத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். கதிரையில் இருக்கிறவருக்கு அது நெஞ்சு மட்டம். ஒயில் மாற்றுவதற்கும் பக்கத்திலிருந்து கை எட்டும். கியர்பொக்ஸ் இறக்குவது போன்ற வேலையை மட்டும் வெளியே ஒரு கராஜில் கொடுத்துவிடுங்கள். இதில் அப்பா கோபித்தால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

இதற்கு ஏற்றது கத்தரிக்கோல் மாதிரி மடிந்து விரிகிற நடுத்தர உயர ஹொயிஸ்ட். தூண் கிடையாது. மடங்கினால் நான்கைந்து அங்குலத்தில் தரையோடு கிடக்கும், மேலே கார் ஓட்டி ஏற்றலாம். முழுதாக விரிந்தால் 4 அடி அளவு. பாரம் நேரே கீழே இறங்குவதால் போல்ட்டைப் பிடுங்குகிற வேலை இல்லை. குறை என்ன என்றால், காரின் நடுவயிற்றை அதுவே மறைத்துக்கொண்டு நிற்கும். சைலன்சர் குழாய் நடுப்பகுதியில் வேலை செய்வது கஷ்டம். முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் இடம் இருக்கும். வாங்குமுன் மடங்கிய உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள். 6 அங்குலத்துக்குக் கிட்ட வருகிறதை உங்கள் இரண்டு காருக்கும் வாங்க முடியாது. பாரம் தாங்குகிற அளவு இரண்டரை தொன் இருந்தால் தாராளம். நான்கு தூண் ஹொயிஸ்ட் உங்களுக்குச் சரிவராது, அது பெரும்பாலும் ஒரு காருக்கு மேலே இன்னொரு காரை நிறுத்துவதற்கு. சில்லு அதன் மேலேயே இருப்பதால் பிரேக் வேலைக்குத் திரும்ப ஜக் வேண்டும்.

நீங்கள் 4 அடி விரிகிற சாமானை, மொறிஸ் 39 அங்குலமும் வாகன் ஆர் 34 அங்குலமும் எழும்பியதோடு நிறுத்த வேண்டும். அப்பாவின் கண்ணை நம்பி விடாதீர்கள். இந்த ஹொயிஸ்ட்களில் ஏணிப்படி மாதிரிப் பூட்டுப் பற்கள் இருக்கும். இரண்டு காருக்கும் எந்தப் பல் கடைசி என்று பார்த்துச் சிவப்புப் பெயின்ற் அடியுங்கள். அதோடு ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு லிமிற் சுவிட்ச் ஒன்று போட்டு, அந்த உயரத்தில் மோட்டர் தானாக நிற்கும்படி செய்யுங்கள். வாகன் ஆருக்குத்தான் உயரம் குறைவு, ஆகவே சுவிட்ச்சை அதற்கே வையுங்கள். மொறிஸுக்கு மாற்றிக்கொள்ள இரண்டாவது நிலை வைக்கலாம்தான். மறந்துபோய் மாறிவிட்டால் வாகன் ஆரின் கூரை சிலாப்பில் இடிக்கும். ஒன்றையே வைத்துக்கொண்டு, மொறிஸின் கீழே 12 அங்குல முக்காலிக்குப் பதிலாக 7 அங்குலத்தில் ஒன்று செய்து கொடுப்பது எனக்கு நிம்மதி. முழங்காலுக்கு 12 நல்லது என்பதும் தெரியும். இதை நீங்களும் அப்பாவும் பேசி முடிவெடுங்கள்.

நிலத்துக்கு வருகிறேன். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கராஜின் மூலையில் ஒரு துளை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டுத் தடிப்பைப் பாருங்கள். 4 அங்குலத்துக்குக் குறைவென்றால், அல்லது சுத்தியலால் தட்டும்போது வெறுங்கூடு மாதிரிச் சத்தம் கேட்டால், ஹொயிஸ்ட் நிற்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். எட்டடிக்கு ஏழடி போதும். மணலைத் தண்ணீர் விட்டு நன்றாக இறுக்கி, பொலித்தீன் விரித்து, 10 மில்லிமீற்றர் கம்பியை 8 அங்குலக் கட்டமாகக் கட்டி, 6 அங்குலத் தடிப்பில் கொங்கிறீட். கலவை 1:1½:3 (சீமெந்து, மணல், சல்லிக்கல்). மணல் மகாவலி மணலாக இருக்கட்டும். கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஆறு, நமக்குத் தூரமில்லை. கடற்கரை மணல் ஒரு கூடைகூட வேண்டாம், அதில் இருக்கிற உப்பு உள்ளேயிருந்தே கம்பியைத் தின்னும். தூண் அத்திவாரத்துக்குக் கிட்ட வெட்டுகிறபோது மேலே சொன்ன அதே கவனம் வேண்டும். மட்டப்பலகை வைத்து நாலாபக்கமும் மட்டம் பாருங்கள். தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிவு விடுவது நம் மேசன்மாருக்குப் பழக்கம், இந்த எட்டடிக்குள் அது கூடாது. ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள், 28 நாளைக்கு அதன் மேலே ஹொயிஸ்ட் ஏறக் கூடாது.

கரண்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. வீட்டு இணைப்பில் ஓடுகிற சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மோட்டர் என்று தகட்டில் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் சாமான் மலிவாக இருந்தாலும் வேண்டாம். போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஏர்த் கட்டாயம். தண்ணீர் மோட்டர் ஓடும்போது இதைப் போடாதீர்கள். மோட்டர் சுற்றாமல் முனகினால் உடனே கையை எடுங்கள். தூக்கி வைத்திருக்கும்போது கரண்ட் போனால் பயப்பட ஒன்றுமில்லை, கார் கீழே வராது. கையால் இறக்குகிற வால்வு எங்கே இருக்கிறது என்று மட்டும் நீங்களும் தெரிந்து வைத்திருங்கள்.

பூட்டுப் பற்கள் பற்றி அப்பாவிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன். தூக்கிய பிறகு “டக்” என்று பூட்டு விழுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்டதும் கொஞ்சம் கீழே இறக்கி, பாரம் முழுவதையும் அந்த இரும்புப் பல்லில் இருத்த வேண்டும். அதுவரை காரைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒயிலும் ஒரு ரப்பர் சீலும்தான். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு இடத்தில் அப்படிப் பூட்டாமல் விட்ட வான் ஒன்று, சீல் கிழிந்து மெதுவாக இறங்கியது. கீழே வேலை செய்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் வைத்துவிட்டுப் போன ஸ்பானர் பெட்டி சப்பளிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, அன்று ஒருவரும் மத்தியானம் சாப்பிடவில்லை. முதலில் 6 அங்குலம் தூக்கி, காரை ஆட்டிப் பார்த்து, பிறகுதான் மேலே கொண்டுபோக வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் கீழே போகக் கூடாது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஹொயிஸ்ட்டின் மெயின் சுவிட்ச்சுக்குப் பூட்டுப் போடுவது அவருக்குக் கோபத்தைத் தரும், ஆனாலும் போடுங்கள்.

நம் ஊரில் இரும்பின் எதிரி காற்றுத்தான். வேலை முடிந்ததும் ஹொயிஸ்ட்டை முழுவதும் மடக்கி வையுங்கள். அப்போது சிலிண்டரின் பளபளப்பான தண்டு உள்ளே போய்விடும். வெளியே நின்றால் உப்பு அதில் புள்ளி புள்ளியாகத் துருவைப் போடும், அந்தப் புள்ளிகள் சீலை அறுக்கும். மாதம் ஒருமுறை ஆணிகளுக்குக் கிறீஸ், பூட்டுப் பல்லுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் ஒயில். துருவேறி இறுகிய பூட்டு விழுந்ததுபோல நடிக்கும், விழுந்திருக்காது. கையால் அசைத்துப் பாருங்கள்.

மாரி தொடங்குமுன் கொங்கிறீட் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்குள் வெட்டிய பள்ளம் உங்கள் கராஜில் திறந்து கிடக்கக் கூடாது. தளம் காய்கிற 28 நாளில் அப்பாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஹொயிஸ்ட்டின் ரப்பர்க் கட்டைகள் தாங்கப் போவது மொறிஸின் இரண்டு பக்க அடிச்சட்டங்களை. இத்தனை வருடம் கடற்காற்றில் நின்ற காரில் பெயின்ற் மட்டும் முழுசாக இருந்து உள்ளே இரும்பு தூளாகியிருக்கலாம். ஸ்க்ரூ ட்ரைவரால் அடி அடியாகக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; உள்ளே போகிற இடத்தையெல்லாம் சோக்கால் வட்டம் போட்டு வைக்கட்டும். காரை வெளி முற்றத்தில் சமநிலத்தில் விட்டு, நான்கு ஸ்டாண்டும் வந்த பிறகு.